எல்லாம் கிளியர் மேடம்

ஆரணியில் களப்பொறியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் சாவிகளையும் வரைபடங்களையும் ஒப்படைத்துவிட்டேன். அடுத்த வாரம் முதல் எனக்கு வடிவமைப்புப் பிரிவில் மேசை வேலை. ஓய்வு பெறும் வயது எனக்கு இல்லை. ஆனாலும் கம்பத்தடியில் நிற்கிற வேலையிலிருந்து இது ஓய்வுதான். எந்தக் கம்பம் மழைக்குச் சாயும், எந்தத் தெருவில் மரக்கிளை கம்பியைத் தொடும், யார் போனில் கத்துவார், யார் கத்தாமல் மேலிடத்துக்குப் பேசுவார் என்பதெல்லாம் போகப் போக உங்களுக்கே தெரிந்துவிடும். ஒப்படைக்க முடியாமல் என்னிடம் மிச்சமிருப்பது ஒரு பயம். அதை எழுதியாவது கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஒரு சொல்லைக் கேட்டால் வரும் பயம் அது. ‘கிளியர்.’

வேலைக்கு வருமுன் எல்லோரையும் போல நானும் அந்தச் சொல்லை வாரி இறைத்தவள்தான். கல்லூரியில் யாருக்காவது அரியர் கிளியர் ஆனால் பரோட்டாக்கடையில் விருந்து. சளிக்குப் போனால் டாக்டர் முதுகில் குழல் வைத்துப் பார்த்து ‘நெஞ்சு கிளியரா இருக்கு’ என்பார். ஆடி மாதம் பட்டுக்கடை வாசலில் ஸ்டாக் கிளியர் செய்வதாகப் பேனர் தொங்கும். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் பலகையைத் தட்டிக்கொண்டே ‘கிளியர், கிளியர், வா, வா’ என்பார். என் அக்காவுக்கு வரன் பார்த்தபோது பையன் வீட்டார் ‘எங்க சைடுல எல்லாம் கிளியருங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எது கிளியர் என்று கல்யாணம் முடிந்து குழந்தை பிறந்த பிறகும் எங்களுக்குத் தெரியவில்லை.

எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். இதையும் போட்டுப் பார்த்தேன். இடத்துக்கு இடம் பொருள் மாறினாலும் அடியில் ஒன்று பொதுவாக இருக்கிறது. இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை. பாக்கியிருந்த பாடம், கட்டியிருந்த சளி, தேங்கிய சரக்கு, வண்டிக்குப் பின்னால் நின்ற ஆள். முடிந்துபோனதைச் சொல்லும் சொல் அது.

நம் வேலையில் அதுதான் ஆரம்பம். உயரழுத்தக் கம்பியில் ஆள் ஏற வேண்டுமென்றால் துணைமின் நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டி, ஒரு பொறியாளர் பெயரில் அனுமதி கொடுப்பார்கள். அந்த அனுமதிக்குப் பெயர் லைன் கிளியர். அதை யார் பெயரில் கொடுத்தார்களோ அவர் வாயால் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி மின்சாரம் வரும். ஊரில் எல்லோருக்கும் கிளியர் என்றால் அங்கே யாரும் இல்லை. நமக்கு லைன் கிளியர் என்றால் அங்கே, கம்பியில், ஒரு ஆள் இருக்கிறார். வேலை முடிந்ததும் அதே சொல்லைத்தான் தலைகீழாகத் திருப்பிச் சொல்கிறோம். எல்லாரும் இறங்கியாச்சு, கிளியர்.

இதனால் குழப்பம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. லைன்மேன் முதல் டிவிஷன் அதிகாரி வரை எல்லோரும் எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று தெரிந்துதான் பேசுகிறோம். நான் சொல்லப்போகிற நாளிலும் யாரும் யாரையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. என் பயமே அதுதான்.

முந்தின நாள் சாயங்காலம் காற்று பலமாக அடித்திருந்தது. ஒரே மின்பாதையில் மூன்று இடத்தில் பழுது. மூன்று இடத்திலும் நான் நிற்க முடியாது. ஆகவே என் பெயரில் லைன் கிளியர் வாங்கிக்கொண்டு துணைமின் நிலையத்திலேயே, சுவிட்ச் பலகைக்கு முன்னால் நின்றேன். நெசவாளர் தெருவின் முனையில் ஃபோர்மேன் ஏழுமலை அண்ணன். அதே தெருவின் நடுவில், மின்மாற்றிக் கம்பத்தின் மேல் லைன்மேன் தனசேகர் அண்ணன், கம்பத்தடியில் துணைக்கு சம்பத். மூன்றாவது இடம் ஊருக்கு வெளியே, கிளை வெட்டும் வேலை. அங்கே ஏறியவர் முதலிலேயே முடித்துவிட்டு என்னோடு பேசிவிட்டார்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பேர் ஏறுகிறார்களோ அத்தனை விரலை மடக்கிவைப்பேன். இறங்கியவர் குரலைக் கேட்டதும் ஒன்றை நீட்டுவேன். கூட வேலை செய்கிறவர்கள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ‘மேடம் ஒண்ணாங்கிளாஸ் கணக்கு போடுறாங்க’ என்று சம்பத்தே சொல்லுவான்.

அந்தத் தெருவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். காலையில் அங்கே பாவு விரிப்பார்கள். ஒரு சேலைக்கல்ல, பல சேலைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவிடுவார்கள். காய்வதற்குள் மழைத்துளி பட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், சாயம் ஓடும். அதனால் தூறல் விழுந்ததும் யாராவது ஒருவர் ‘பாவு!’ என்று கத்துவார். அந்தச் சத்தம் கேட்டால் தெருவில் இருக்கிற யாராக இருந்தாலும் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். தயிர் விற்கிறவர், பைக்கில் போகிறவர், கொரியர் கொண்டுவந்தவர் எல்லோரும் பிடிப்பார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, நன்றியும் சொல்வதில்லை. பிடிக்காமல் நிற்பவரைத்தான் அந்தத் தெரு ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

அன்று காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே தூறியது.

அது எனக்குத் தெரியாது. துணைமின் நிலையம் இருக்கிற பக்கம் ஒரு சொட்டு இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் போன் மட்டும்தான். விசைத்தறிக்காரர்கள் மாறி மாறிக் கூப்பிட்டார்கள்.

“இன்னா மேடம், எப்போ வரும்? ஆளுங்க சும்மா குந்திகினு கீறாங்க.”

“வேலை நடக்குதுங்க.”

“காத்தால இருந்து இதையேதான் சொல்றீங்க. பெரிய பேஜாரா போச்சு.”

அப்போது ஏழுமலை அண்ணன் கூப்பிட்டார். குரலில் வேலை முடிந்த களைப்பும் நிம்மதியும் இருந்தன.

“மேடம், எல்லாம் கிளியர் மேடம். எர்த் ராடையும் கழட்டிட்டேன். சார்ஜ் பண்ணிக்கலாம், கரண்ட வுடலாம்.”

எர்த் ராட் என்பது தவறிப்போய் மின்சாரம் வந்தாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி கம்பியில் மாட்டும் கொக்கித் தடி. ஏறியவருக்கு அதுதான் கடைசிக் காவல். அதையும் கழற்றியாயிற்று.

ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். அவர் கை பலகையின் பக்கத்தில் தயாராக இருந்தது. என் இடது கையில் ஒரு விரல் மடங்கியபடி இருந்தது.

“தனசேகர் அண்ணன்கிட்ட போனக் குடுங்க,” என்றேன்.

“அவன் இங்க இல்ல மேடம். நான் தெருமுனையில கீறேன். அவுங்க முடிச்சிட்டுப் போய்ட்டாங்க.”

“பாத்தீங்களா?”

“இங்கிருந்தே தெரியுது மேடம். கம்பத்தாண்ட யாருமே இல்ல. ஏணியும் இல்ல, பையும் இல்ல. தெருவே காலியா கீது. எங்கனா டீ குடிச்சிகினு இருப்பானுங்க.”

இதில் எதுவும் பொய் இல்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். கீழே ஆள் நின்றால் மேலே ஆள் இருக்கிறார். ஏணி போய்விட்டால் வேலை முடிந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. கம்பத்தின் தலைப்பகுதியைப் பக்கத்துப் புங்கமரம் மறைத்திருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தனசேகர் அண்ணன் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சம்பத்துக்கு அடித்தேன். அதுவும் அப்படித்தான். டீ குடிக்கிறவர்கள் போனை எடுப்பார்களே என்று ஒரு நினைப்பு. சத்தத்தில் கேட்காமல் இருக்கலாமே என்று இன்னொன்று.

அதே நேரம் மேசையில் இருந்த இன்னொரு போன் அடித்தது. டிவிஷன் அதிகாரி.

“என்னம்மா, ஃபோர்மேன் கிளியர்னு சொல்லிட்டாராமே. இன்னும் ஏன் போடல? மேல இருந்து எனக்குக் கேக்கிறாங்க.”

“ஒருத்தர்கிட்ட இன்னும் பேசல சார்.”

“ஃபோர்மேன் சொல்லிட்டா போதாதா? அவர் சர்வீஸ் என்ன, உங்க சர்வீஸ் என்ன?”

அந்த நேரத்தில் நான் துணிச்சலாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்துகொண்டுதான் இருந்தேன். ஏழுமலை அண்ணன் சொல்வது சரியாக இருந்தால், வயதில் மூத்தவரை எல்லோர் முன்னாலும் நம்பாதவள் என்று பேர் வரும். அந்தப் பேரோடு இந்த ஊரில் வேலை வாங்க முடியாது. அவர் சொல்வது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதை மனசு முழுசாக நினைக்க மறுத்தது. பாதி நினைத்து நிறுத்திக்கொண்டது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

“அவர் குரலைக் கேக்காம நான் லைன் கிளியர ரிட்டர்ன் பண்ண மாட்டேன் சார்,” என்றேன்.

ஆபரேட்டர் பலகைப் பக்கம் இருந்த கையை எடுத்து இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்த அறையில் எனக்கு இருந்த ஒரே ஆதரவு அது. அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

மறுபடி ஏழுமலை அண்ணனைப் பிடித்தேன்.

“அண்ணே, கம்பத்துக்கிட்ட போங்க. கம்பத்து மேல கைய வெச்சிட்டு, அண்ணாந்து பாருங்க. போனை கட் பண்ணாதீங்க.”

“மழை தூறுது மேடம். நான்தான் சொல்றேனே...”

“எங்க தூறுது? இங்க மழையே இல்லையே?”

“இங்க தூறுது மேடம். அதான் பாவெல்லாம் எடுத்துகினு போய்ட்டாங்க.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெரு காலியாக இருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது.

“ஓடுங்க அண்ணே,” என்று கத்தினேன்.

அவர் ஓடினார். போனில் செருப்புச் சத்தம், மூச்சு, அங்கங்கே தகரக் கூரையில் மழை தட்டும் சத்தம். பக்கத்தில் டிவிஷன் அதிகாரியின் போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. அவரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் நின்றது. பிறகு எதுவும் கேட்கவில்லை. மழைகூட நின்றுவிட்டதுபோல இருந்தது.

“அண்ணே?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அண்ணே, சொல்லுங்க.”

“மேடம்...” அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “மேல கீறான் மேடம். கம்பியப் புடிச்சிகினு கீறான். வுடாதீங்க மேடம். கரண்ட வுடாதீங்க. உங்க கால்ல வேணா வுழறேன், வுடாதீங்க.”

“விடல அண்ணே. விடல. விட மாட்டேன்.”

எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. ஆபரேட்டர் என் கையிலிருந்து போனை வாங்கி, “பூட்டியிருக்கு, சாவி என்கிட்டதான்” என்று அவரிடம் சொன்னார். தூரத்தில், மேலிருந்து தனசேகர் அண்ணன் கேட்டது போனில் லேசாக விழுந்தது.

“இன்னாய்யா கத்திகினு கீற? ஏணி எங்க?”

வேலை முடிந்து, எல்லோரையும் கீழே இறக்கி, ஒவ்வொரு குரலாகக் கேட்டு, மின்சாரம் கொடுத்த பிறகு அந்தத் தெருவுக்குப் போனேன். வசந்தா அக்கா வீட்டு வாசற்படியில் சம்பத் உட்கார்ந்திருந்தான். அன்று விரித்திருந்த பாவு அந்த அக்காவுடையது. அவன் விரல்களெல்லாம் கஞ்சி காய்ந்து வெள்ளையாக இருந்தன. அதைச் சுரண்டப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். தூறல் தொடங்கியதும் சம்பத் ஓடியிருக்கிறான். பாவைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில் ஏணி குறுக்கே நின்றது. இழை மாட்டிக் கிழிந்துவிடும் என்று ஏணியை எடுத்துச் சுவரோரம் கிடத்தினான். கருவிப் பைக்குள் இரண்டு பேர் போனும் இருந்தன. நனையக் கூடாதென்று பையை வசந்தா அக்கா வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான். உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது எல்லோருக்கும் கேட்டது. ஆனால் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கி நின்ற எல்லோர் கையிலும் ஈரப் பாவு இருந்தது. விட்டால் தரையில் புரளும்.

“கீழ நிக்கச் சொன்னா நிக்க வேணாமா சம்பத்து?” என்று கேட்டேன்.

பதில் தனசேகர் அண்ணனிடமிருந்து வந்தது.

“அவன ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். நான்தான் மேல இருந்து மழை வர்றத மொதல்ல பார்த்தேன். ‘பாவு’ன்னு கத்துனதே நான்தான். ‘ஓட்ரா, புட்ரா’ன்னு அவன ஜல்தியா வெரட்டினதும் நான்தான்.”

அவர் பிறந்ததும் வளர்ந்ததும் அதே தெருவில், பாவு விரிக்கிற வீட்டில்தான். கம்பத்திலிருந்து இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி ‘பாவு தப்பிச்சிச்சா?’ என்பதுதான் என்று பிறகு சொன்னார்கள்.

வசந்தா அக்கா உள்ளேயிருந்து வந்தார். பாவு தப்பித்திருந்தது. ஆனால் அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

“எம்மா, மேல ஆளு கீறாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நனஞ்சா நனயட்டும்னு வுட்டிருப்போம்ல? எங்க கையில பாவம் வெக்கப் பாத்தீங்களே.” பிறகு தனசேகர் அண்ணன் பக்கம் திரும்பினார். “நீயும்தான். மேல தொங்கிகினு இருக்கசொல்ல உனக்கு எதுக்குடா பாவு? உன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?”

“ஒண்ணும் ஆவலயேக்கா.”

“வாயப் பாரு. போய் மூஞ்சி கழுவு, காப்பி வெக்கறேன்.”

ஏழுமலை அண்ணன் காப்பி குடிக்கவில்லை. வாங்கி, ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது என்னிடம், “நான் பொய் சொல்லல மேடம்” என்றார். எனக்குத் தெரியும் என்றேன். உண்மையாகவே தெரியும். அவர் சோம்பேறியும் இல்லை, அலட்சியக்காரரும் இல்லை. காலியான தெருவைப் பார்த்தார், ஏணி இல்லாத கம்பத்தைப் பார்த்தார், முடிந்தது என்று தீர்மானித்தார். பார்த்தது வேறு, தீர்மானித்தது வேறு. ‘கிளியர்’ என்ற சொல் பார்த்ததை மறைத்துவிட்டுத் தீர்மானத்தை மட்டும் என் காதுக்குக் கொண்டுவந்தது. ‘தெரு காலியா இருக்கு, தனசேகரைக் காணோம்’ என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு குழந்தைகூடப் பயந்திருக்கும். ‘கிளியர்’ என்றதால் ஒரு அதிகாரியே பயப்படவில்லை.

லாரி கிளீனர் சொல்வதும் அப்படித்தான், மாப்பிள்ளை வீட்டார் சொன்னதும் அப்படித்தான். அந்தச் சொல் எங்கே வந்தாலும் சொல்கிறவருடைய மனநிம்மதியைச் சொல்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. பரோட்டாக்கடையில் அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

சம்பத்துக்கு மெமோ கொடுக்கச் சொன்னார்கள். நான் மறுத்து எழுதினேன். இனிமேல் பாவைப் பிடிக்க ஓடாதே என்று அவனிடம் சொல்லவுமில்லை. சொன்னாலும் ஓடுவான். அந்தத் தெருவில் நிற்கிற யாரும் ஓடுவார்கள், நாளை நீங்களும் ஓடுவீர்கள். ஆகவே இரண்டு ஏற்பாடு செய்தோம். அந்தத் தெருவில் ஆள் ஏறுமுன் பாவு விரித்திருக்கும் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவது. ஏறியவருடைய செருப்பைக் கம்பத்தடியிலேயே விட்டுவைப்பது. செருப்பை யாரும் தொடக் கூடாது, மழையில் நனைந்தாலும் சரி. வசந்தா அக்கா தெரு முழுக்க இதைச் சொல்லிவைத்திருக்கிறார். கம்பத்தடியில் செருப்பு கிடந்தால் அங்கே குழந்தைகள்கூட அண்ணாந்து பார்க்கின்றன.

பிறகு எங்கள் குழுவில் அந்தச் சொல்லையே நிறுத்தினோம். அனுமதித் தாளில் அது அச்சாகியிருக்கிறது, அதை மாற்ற நம்மால் முடியாது. வாயால் சொல்வதை மாற்றலாம். ஏறியவர் தன் பெயரைச் சொல்லி, எங்கே நிற்கிறார் என்று தானே சொல்ல வேண்டும். அவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது, ஃபோர்மேன் ஆனாலும். இந்த ஏற்பாட்டை முதலில் கேட்டு வாங்கியவர் ஏழுமலை அண்ணன்தான்.

டிவிஷன் அதிகாரி அன்று சாயங்காலம் கூப்பிட்டார். மின்பாதை சரியாக ஓடுகிறதா என்று கேட்டார். பிறகு, “சாப்பிட்டியாம்மா?” என்றார். நான் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் சார் என்றேன்.

அந்தப் பயம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. போன மாதம் அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தபோது அங்கே இருந்த பெண் சிரித்துக்கொண்டே ‘எல்லாம் கிளியர்’ என்றாள். எதைப் பார்த்தீர்கள், எது எப்படி இருக்கிறது என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். உங்களுக்கும் இந்தக் கிள்ளல் கிடைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட மூத்தவர், உங்களைவிட வேலை தெரிந்தவர், நல்லவர், முழு நம்பிக்கையோடு அந்தச் சொல்லைச் சொல்லும்போது உங்களுக்குப் பயம் வர வேண்டும். வராத நாளில் சுவிட்ச் பலகைக்கு முன்னால் நிற்காதீர்கள்.

நேற்று என் பெயரில் கடைசி லைன் கிளியர். அதே தெரு, அதே கம்பம். ஏறியவர் தனசேகர் அண்ணன். நான் ஒரு விரலை மடக்கிவைத்துக்கொண்டு நின்றேன். நெடுநேரம் போன் வரவில்லை. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. ஆபரேட்டர் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு அடித்தது.

“மேடம், தனசேகர். தரையில நிக்கிறேன். செருப்பு போட்டுகினேன்.”

“சரிங்கண்ணே.”

“கடைசி நாளாச்சே மேடம். இன்னிக்கி ஒரே ஒரு வாட்டி அந்த வார்த்தைய சொல்லிக்கவா?”

“வேணாம்ணே.”

“சரி, சொல்லல,” என்று சிரித்தார். “வசந்தாக்கா காப்பி வெச்சிகினு கீறாங்க. வந்துட்டுப் போங்க.”

விரலை நீட்டினேன். ஆபரேட்டர் பையிலிருந்து கையை எடுத்தார்.

அடுத்த போன் உங்களுக்கு வரும்.